பாபிலோனும் அதன் தெய்வங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபிலோன் என்றால் பலருக்குத் தொங்கும் தோட்டமும் பாபேல் கோபுரமும்தான் நினைவுக்கு வரும். இரண்டுமே வெளியூர்க்காரர்கள் சொன்ன கதைகள். அந்த ஊர்க்காரர்களே களிமண் பலகைகளில் எழுதி வைத்தவை ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கோயில் கணக்கு, கடன் பத்திரம், மந்திரம், பிரார்த்தனை, கிரகங்களைப் பார்த்து எழுதிய குறிப்பு என்று எல்லாம் உண்டு. கீழே உள்ள பதில்கள் முடிந்தவரை அவற்றை ஒட்டியே எழுதப்பட்டவை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாபிலோனியரின் சமயத்துக்கு அடிப்படை பணிவிடை. தெய்வம் ஊரில் குடியிருக்கிறது. அதற்குச் சாப்பாடு போட வேண்டும், உடுத்திவிட வேண்டும், வீடு கட்டித்தர வேண்டும். பதிலுக்குத் தெய்வம் ஊரைக் காக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் விசித்திரமாகத் தோன்றும் பல விஷயங்கள் தாமாகவே புரியும்.

பாபிலோன் எங்கே இருந்தது? எந்தக் காலம்?

இன்றைய ஈராக்கில், பாக்தாத்துக்குத் தெற்கே சுமார் 85 கி.மீ. தொலைவில், ஹில்லா நகரத்தை ஒட்டி இருந்தது. யூப்ரடீஸ் ஆற்றங்கரை ஊர். கி.மு. 1894 வாக்கில் அங்கே ஓர் அரச பரம்பரை தொடங்குகிறது. அதில் ஆறாவதாக வந்த ஹம்முராபி (கி.மு. 1792–1750) சுற்றியிருந்த நகரங்களையெல்லாம் வென்று, சிறிய ஊராக இருந்த பாபிலோனைத் தலைநகரம் ஆக்கினார். கி.மு. 1595இல் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகள் வந்து சூறையாடினார்கள். அப்புறம் காசைட்டுகள் என்னும் வேற்று இனத்தார் சுமார் 400 ஆண்டுகள் ஆண்டார்கள். வடக்கே இருந்த அசிரியரின் பிடியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, கி.மு. 626இல் நபோபொலாசர் தலைமையில் பாபிலோன் மறுபடி எழுந்தது. அவருடைய மகன்தான் பைபிள் படித்தவர்களுக்குத் தெரிந்த நேபுகாத்நேச்சார் (கி.மு. 605–562). கி.மு. 539இல் பாரசீக மன்னர் சைரஸ் நகரத்தைப் பிடித்ததோடு சொந்த ஆட்சி முடிந்தது.

பழைய ஆண்டுகள் எல்லாம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் பின்பற்றும் கணக்குப்படி தரப்பட்டவை. வேறு கணக்குகளில் சில பத்தாண்டுகள் முன்பின் ஆகும்.

சுமேரியர், அசிரியர், பாபிலோனியர் எல்லாரும் ஒன்றுதானா?

இல்லை, ஆனால் ஒரே பண்பாட்டின் தொடர்ச்சி. சுமேரியர் தெற்கே 'ஊர்', 'ஊருக்' போன்ற பெயருள்ள நகரங்களில் வாழ்ந்தவர்கள். களிமண்ணில் ஆப்பு வடிவக் கீறல்களால் எழுதும் ஆப்பெழுத்து அவர்கள் மண்ணில்தான் கி.மு. 3200 வாக்கில் தோன்றியது. பாபிலோனியரும் அசிரியரும் பேசியது அக்காடிய மொழி. அது அரபுக்கும் எபிரேயத்துக்கும் உறவு. தெற்கு வழக்கு பாபிலோனியம், வடக்கு வழக்கு அசிரியம். சுமேரிய மொழி கி.மு. 2000 வாக்கில் பேச்சிலிருந்து மறையத் தொடங்கினாலும், கோயில்களிலும் பள்ளிகளிலும் ஏறக்குறைய இன்னும் 2000 ஆண்டுகள் ஓதப்பட்டும் படியெடுக்கப்பட்டும் வந்தது. தெய்வங்களும் அப்படியே கைமாறின. சுமேரியரின் இனன்னா இஷ்தார் ஆனாள், என்கி எயா ஆனார், உது ஷமாஷ் ஆனார், நன்னா சின் ஆனார்.

மொத்தம் எத்தனை தெய்வங்கள்?

அவர்களே தொகுத்த பெரிய தெய்வப் பட்டியல் ஒன்றில் சுமார் 2000 பெயர்கள் இருக்கின்றன. அவ்வளவு பேரையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அனு வானத்தின் தெய்வம், எல்லாருக்கும் மூத்தவர். என்லில் அதிகாரமும் கோபமும் நிறைந்தவர், நிப்பூர் நகரத்துக்காரர். எயா பூமிக்கடியில் இருக்கும் நன்னீருக்கும் அறிவுக்கும் மந்திரத்துக்கும் உரியவர். சின் நிலா. ஷமாஷ் சூரியன், நீதிபதி. இஷ்தார் காதலுக்கும் போருக்கும் தலைவி. அதத் இடியும் மழையும். நெர்கல் கொள்ளைநோய்க்கும் பாதாளத்துக்கும் உரியவர். குலா மருத்துவத்துக்குரிய பெண் தெய்வம், நாய் அவளுடைய விலங்கு. நபு எழுத்துக்கும் எழுத்தர்களுக்கும் தெய்வம், மார்டுக்கின் மகன். மார்டுக் பாபிலோன் நகரத்தின் தெய்வம்.

ஆளுக்கு ஓர் எண்ணும் உண்டு. அனுவுக்கு 60, என்லிலுக்கு 50, எயாவுக்கு 40, மாதத்தின் நாட்களைக் கொண்டு சின்னுக்கு 30, ஷமாஷுக்கு 20, இஷ்தாருக்கு 15. எழுத்தர்கள் பெயருக்குப் பதிலாக எண்ணையே எழுதிவிடுவார்கள். அறுபதை அடிப்படையாகக் கொண்டு எண்ணிய மக்கள் என்பதால் வானத்துக்கு 60 கிடைத்திருக்கிறது.

மார்டுக் எப்படி எல்லாருக்கும் தலைவர் ஆனார்?

வரலாற்றுப்படி, அவருடைய ஊர் பெரிதானதால் அவரும் பெரியவர் ஆனார். ஹம்முராபிக்கு முன்னால் மார்டுக்கை வெளியூரில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் பாபிலோனியர் இதற்கு ஒரு முழுக் காவியமே பாடினார்கள். எனுமா எலிஷ் என்பது அதன் பெயர், ஏழு பலகைகள்.

ஆதியில் வானமும் இல்லை, பூமியும் இல்லை. நன்னீராகிய அப்சுவும் கடலாகிய தியாமத்தும் கலந்து கிடந்தார்கள். அவர்களுக்குள் தெய்வங்கள் பிறந்தன. இளைய தெய்வங்களின் கூச்சல் தாங்காமல் அப்சு அவர்களைக் கொல்லத் திட்டமிட்டார். எயா முந்திக்கொண்டு, மந்திரத்தால் அப்சுவைத் தூங்க வைத்துக் கொன்று, அந்த நீரின் மேலேயே தன் வீட்டைக் கட்டிக்கொண்டார். மார்டுக் பிறந்தது அந்த வீட்டில். கணவனைப் பறிகொடுத்த தியாமத் 11 வகைப் பூதங்களைப் படைத்து, கிங்கு என்பவனைத் தளபதியாக்கி, எல்லாருடைய விதியையும் தீர்மானிக்கும் அதிகாரம் தரும் விதிப் பலகையை அவன் மார்பில் கட்டிவிட்டுப் போருக்குக் கிளம்பினாள். அனுவாலும் எயாவாலும் அவளை எதிர்கொள்ள முடியவில்லை. அப்போது மார்டுக் முன்வந்து, "நான் ஜெயித்தால் என்னை அரசனாக ஏற்க வேண்டும்" என்ற பொருளில் நிபந்தனை போட்டார். காற்றுகளை அவள் வாய்க்குள் செலுத்தி, அம்பால் பிளந்து, உலர்ந்த மீனைப் போல இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதி வானம் ஆனது, இன்னொரு பாதி பூமி. அவள் கண்களிலிருந்து டைக்ரிஸும் யூப்ரடீஸும் ஓடின. பிறகு கிங்குவின் ரத்தத்திலிருந்து மனிதர்கள் படைக்கப்பட்டார்கள். நன்றியாகத் தெய்வங்களே செங்கல் அறுத்துப் பாபிலோனைக் கட்டித் தந்தார்கள். கடைசியில் மார்டுக்குக்கு 50 பெயர்கள் சூட்டுகிறார்கள். ஐம்பது என்லிலின் எண். பழைய தலைவரின் பதவி புதியவருக்குப் போய்விட்டது என்பதைப் பாட்டைக் கேட்டவர்கள் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள்.

இந்தக் காவியம் கி.மு. 12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இயற்றப்பட்டிருக்கும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பின்னாளில் அசிரியர்கள் இதே பாட்டை எடுத்து, மார்டுக் வரும் இடங்களில் தங்கள் தெய்வமான அசூரின் பெயரைப் போட்டுக்கொண்டார்கள்.

தெய்வங்கள் மனிதர்களை ஏன் படைத்தார்களாம்?

வேலை செய்வதற்காக. இதைச் சொல்லும் அத்ரஹாசிஸ் என்னும் காவியம் எனுமா எலிஷைவிடப் பழையது. நமக்குக் கிடைத்த நல்ல பிரதி கி.மு. 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. என்னைக் கேட்டால், மெசபொத்தேமிய (டைக்ரிஸ்–யூப்ரடீஸ் ஆற்றுச் சமவெளி) இலக்கியத்தில் முதலில் படிக்க வேண்டியது இதுதான்.

மனிதர்கள் வருவதற்கு முன்னால் சிறு தெய்வங்கள்தான் ஆறும் வாய்க்காலும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை தாங்காமல் ஒரு நாள் மண்வெட்டிகளையும் கூடைகளையும் கொளுத்திவிட்டு, நடுராத்திரியில் என்லிலின் வீட்டை முற்றுகையிட்டார்கள். எயா ஒரு வழி சொன்னார். ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் சதையையும் ரத்தத்தையும் களிமண்ணோடு பிசைந்து மனிதனைச் செய்தார்கள். தெய்வங்களின் சுமை மனிதன் தலைக்கு வந்தது.

மனிதர்கள் பெருகினார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் என்லிலுக்குத் தூக்கம் போயிற்று. முதலில் கொள்ளைநோயை அனுப்பினார். அப்புறம் பஞ்சம். எதுவும் முழுதாகப் பலிக்காததால் வெள்ளத்தை ஏவினார். எயா தன் பக்தனாகிய அத்ரஹாசிஸின் குடிசைச் சுவரிடம் பேசுவதுபோலப் பேசி, படகு கட்டச் சொல்லிவிட்டார். வெள்ளத்தில் மனிதர்கள் அழிந்ததும் தெய்வங்களுக்குப் பசி வந்துவிட்டது, படைக்க ஆளில்லை. வெள்ளம் வடிந்து அத்ரஹாசிஸ் பலி கொடுத்தபோது வாசனை பிடித்து ஈக்களைப் போல மொய்த்தார்கள் என்கிறது பாட்டு. தெய்வத்துக்கு மனிதன் எவ்வளவு தேவை என்பதை இதைவிடத் துணிச்சலாகச் சொன்ன பழைய சமய நூலை நான் படித்ததில்லை.

பைபிளில் வரும் நோவாவின் கதையோடு இதற்குள்ள ஒற்றுமை தற்செயலானது அல்ல. இதே வெள்ளக் கதை ஊருக் நகர மன்னன் கில்கமெஷைப் பற்றிய காவியத்தின் 11ஆம் பலகையிலும் வருகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பலகைத் துண்டுகளைப் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்மித் 1872இல் அதைக் கண்டுபிடித்து அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அவர் பணத்தாள் அச்சுக்குத் தகடு செதுக்கும் தொழிலில் பழகி, ஆப்பெழுத்தைத் தாமாகவே கற்றவர்.

கோயிலில் தினமும் என்ன நடந்தது?

மார்டுக்கின் கோயிலுக்கு எசகிலா என்று பெயர். பக்கத்திலேயே எதெமெனன்கி என்னும் படிக்கட்டுக் கோபுரம். இந்த வகைக் கோபுரத்தைச் சிக்குராட் என்பார்கள். நகரத்தைப் பற்றிய ஒரு பழைய நூல் பெருந்தெய்வங்களின் கோயில்கள் மட்டும் 43 என்று பட்டியல் தருகிறது.

கருவறையில் மரத்தால் செய்து பொன்னும் மணியும் பதித்த சிலை இருக்கும். செதுக்கி முடித்ததும் அது தெய்வம் ஆகிவிடாது. 'வாய் கழுவுதல்' என்ற சடங்கு வேண்டும். சிலையை ஆற்றங்கரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், ராத்திரி முழுக்க நட்சத்திரங்களின் கீழ் வைத்து, மறுபடி மறுபடி வாயைக் கழுவி, மந்திரம் ஓதுவார்கள். இதில் ஒரு கட்டம் மனதைத் தொடும். சிலை செய்த கைவினைஞர்களின் கைகளைத் துணியால் கட்டி, மரவாளால் வெட்டுவதுபோலப் பாவனை செய்வார்கள். அவர்கள், "இதை நான் செய்யவில்லை, தெய்வம் செய்தது" என்று சத்தியம் செய்ய வேண்டும்.

அப்புறம் அன்றாடப் பணிவிடை. ஊருக் நகரக் கோயிலைப் பற்றிய பலகை ஒன்றின்படி ஒரு நாளைக்கு நான்கு வேளைப் படையல், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. ரொட்டி, பீர், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பேரீச்சம்பழம் எல்லாம் வரும். மேசை போட்டு, கை கழுவத் தண்ணீர் வைத்து, திரையை இழுத்துவிடுவார்கள். தெய்வம் சாப்பிட்ட மிச்சம் அரசனுக்குப் போகும், கோயில் ஊழியர்களுக்கும் பங்கு உண்டு.

ரொட்டி சுடுவதும் பீர் காய்ச்சுவதும் இறைச்சி வெட்டுவதும் பரம்பரை உரிமைகள். ஆண்டில் இந்த இந்த நாட்களில் தெய்வத்துக்கு ரொட்டி சுடும் உரிமை இன்ன குடும்பத்துக்கு என்று பிரித்திருப்பார்கள். அந்த உரிமையை விற்கலாம், பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம், பெண்ணுக்குச் சீதனமாகவும் தரலாம். ஒரு நாளின் ஒரு பகுதியை மட்டும் வாங்கி விற்ற பத்திரங்கள்கூட இருக்கின்றன.

எதிரி வந்து சிலையைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்?

தெய்வமே ஊரை விட்டுப் போய்விட்டதாக அர்த்தம். பாபிலோனுக்கு இது ஒரு தடவை நடந்த விபத்து இல்லை. ஹிட்டைட்டுகள் மார்டுக்கைக் கொண்டுபோனார்கள், பிறகு அவர் திரும்பினார். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் இன்றைய ஈரானின் தென்மேற்கில் இருந்த ஈலாமியர் கொண்டுபோனார்கள். முதலாம் நேபுகாத்நேச்சார் ஈலாமின் மேல் படையெடுத்து மீட்டு வந்தார். இவர் பைபிளில் வருபவர் இல்லை, அவருக்கு 500 ஆண்டு முந்தியவர்.

ஆனால் இப்படிப்பட்ட நேரத்தில் பாபிலோனியர், "எங்கள் தெய்வம் தோற்றுவிட்டது" என்று சொல்ல மாட்டார்கள். தெய்வமே கோபித்துக்கொண்டு கிளம்பியது, கோபம் தீர்ந்ததும் திரும்பியது என்பார்கள். அந்தப் பயணங்களை மார்டுக்கே தன் வாயால் விவரிப்பதுபோல ஒரு நூலும் இருக்கிறது. ஹிட்டைட்டுகளின் நாட்டுக்கு வணிகத்தை வளர்க்கப் போனேன் என்கிறார். தோல்வியை இப்படி விளங்கிக்கொண்டதால்தான் அந்தச் சமயம் இத்தனை படையெடுப்புகளைத் தாண்டி 1500 ஆண்டுகளுக்கு மேல் பிழைத்தது என்று நான் நினைக்கிறேன்.

கி.மு. 689இல் அசிரிய மன்னர் சென்னாகெரிப் பாபிலோனைத் தரைமட்டமாக்கினார். அவருடைய மகன் எசர்ஹதோன் அதைத் திரும்பக் கட்ட விரும்பினார். ஆனால் ஊர் 70 ஆண்டுகள் பாழாகக் கிடக்க வேண்டும் என்று மார்டுக் விதித்திருந்தாராம். இதற்கு எழுத்தர்கள் கண்ட வழி அழகானது. ஆப்பெழுத்தில் 60ஐக் குறிக்கும் ஆப்பும் 1ஐக் குறிக்கும் ஆப்பும் ஒன்றுதான். 70 என்பதை 60, 10 என்ற வரிசையில் எழுதுவார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டால் 10, 1 என்று ஆகி 11 என்று வாசிக்கலாம். மார்டுக் மனம் இரங்கி எண்ணைத் திருப்பிவிட்டார், 11 ஆண்டு போதும் என்றார் என்று எழுதி வேலையைத் தொடங்கினார்கள். மார்டுக்கின் சிலை கி.மு. 668இல் ஊர் திரும்பியது.

புத்தாண்டில் பூசாரி அரசனை அறைவாராமே?

ஆமாம். அகிது என்னும் புத்தாண்டு விழா நிசான்னு மாதத்தில், அதாவது நம் மார்ச்–ஏப்ரலில், 11 அல்லது 12 நாட்கள் நடக்கும். நான்காம் நாள் மாலையில் எனுமா எலிஷ் முழுவதும் மார்டுக் முன்னால் ஓதப்படும். ஐந்தாம் நாள் அரசன் எசகிலாவுக்கு வருவார். தலைமைப் பூசாரி அவருடைய செங்கோலையும் மகுடத்தையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, கன்னத்தில் அறைந்து, காதைப் பிடித்து இழுத்துப்போய் மண்டியிட வைப்பார். அரசன், தான் பாவம் செய்யவில்லை, பாபிலோனை அழிக்கவில்லை, எசகிலாவை மறக்கவில்லை, குடிமக்களின் கன்னத்தில் அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். மகுடம் திரும்பக் கிடைக்கும். அதன்பின் இன்னொரு அறை. கண்ணீர் வந்தால் தெய்வத்துக்குத் திருப்தி. வராவிட்டால் எதிரி எழுவான், அரசன் வீழ்வான்.

இந்த விவரம் கிடைக்கும் பலகைகள் கிரேக்கர் ஆண்ட பிற்காலத்தவை. ஹம்முராபி காலத்திலும் இதே மாதிரி நடந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த நாட்களில் பக்கத்து நகரமான போர்சிப்பாவிலிருந்து நபு படகில் வந்து தந்தையைப் பார்ப்பார். அரசன் மார்டுக்கின் கையைப் பிடித்து வெளியே அழைத்துவர, தெய்வங்கள் எல்லாம் இஷ்தார் வாயில் வழியாக ஊர்வலமாக ஊருக்கு வெளியே உள்ள அகிது மண்டபத்துக்குப் போவார்கள். அரசன் ஊரில் இல்லாவிட்டால் விழாவே கிடையாது. கடைசி அரசரான நபோனிடஸ் பத்தாண்டு காலம் அரேபியாவில் தைமா என்ற ஊரில் போய்த் தங்கிவிட்டார். 'அரசர் வரவில்லை, விழா நடக்கவில்லை' என்று அக்காலக் குறிப்பேடு ஆண்டுதோறும் பதிவு செய்கிறது.

சாதாரண மக்கள் யாரைக் கும்பிட்டார்கள்?

பெரிய கோயிலின் உள்ளே அவர்களுக்கு இடமில்லை. விழா ஊர்வலத்தில்தான் மார்டுக்கைப் பார்த்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித் தெய்வம் ஒன்று உண்டு, பெற்றோரைப் போலக் கூடவே இருந்து பெரிய தெய்வங்களிடம் பரிந்து பேசும். நோயோ நஷ்டமோ வந்தால் அது விலகிப் போய்விட்டது என்று பயப்படுவார்கள். 'எனக்குத் தெரிந்த தெய்வமோ தெரியாத தெய்வமோ, என் மேல் உள்ள கோபம் தணியட்டும்' என்று கெஞ்சும் ஒரு பிரார்த்தனை இருக்கிறது. என்ன தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை என்ற தவிப்பு அதன் வரிதோறும் கேட்கும்.

பிரசவத்தின்போதும் தொட்டிலிலும் குழந்தையைப் பறிப்பவள் லமஷ்து. அவளைத் துரத்த இன்னொரு பூதமான பசுசுவின் தலையைத் தாயத்தாக மாட்டிக்கொள்வார்கள். வீட்டு வாசலில் காவல் பொம்மைகளைப் புதைப்பதும் உண்டு. வடக்கே அசிரியரின் நினிவே நகர அரண்மனையில் ஐந்து களிமண் நாய்கள் கிடைத்தன, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதியிருக்கிறது. அதில் ஒன்றின் பெயர் 'யோசிக்காதே, கடி'.

செத்த பிறகு என்ன என்று நம்பினார்கள்?

சொர்க்கம், நரகம், பாவக்கணக்கு எதுவும் இல்லை. எல்லாரும் எரெஷ்கிகல் ஆளும் இருண்ட பாதாளத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே தூசியும் களிமண்ணும்தான் சாப்பாடு. நிலைமை கொஞ்சம் தேற வேண்டுமானால் உயிரோடு இருப்பவர்கள் சோறும் தண்ணீரும் தர வேண்டும். கிஸ்பு என்னும் இந்தச் சடங்கு நிலா மறையும் நாளை ஒட்டி, பெயர் சொல்லி, தண்ணீர் விட்டு நடக்கும். மூத்த மகனின் கடமை அது. அமாவாசைத் தர்ப்பணம் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. வசதிக்காகப் பலர் இறந்தவர்களை வீட்டுத் தரைக்குக் கீழேயே புதைத்தார்கள்.

கில்கமெஷ் காவியத்தின் 12ஆம் பலகையில் பாதாளத்தைப் பார்த்த என்கிடு தன் நண்பன் கில்கமெஷிடம் சொல்கிறான். ஏழு பிள்ளை பெற்றவன் சிறு தெய்வங்களோடு உட்கார்ந்திருக்கிறான். படையல் போட ஆளில்லாதவன் சட்டியில் ஒட்டியதையும் தெருவில் எறிந்த ரொட்டித் துண்டையும் தின்கிறான். பிறக்கும்போதே இறந்த குழந்தைகளைப் பற்றியும் கில்கமெஷ் கேட்கிறான். அவை பொன்னும் வெள்ளியுமான மேசையில் தேனும் நெய்யும் வைத்து விளையாடுகின்றன என்கிறான் என்கிடு. அவ்வளவு இருண்ட உலகத்திலும் அந்தக் குழந்தைகளுக்கு மட்டும் இப்படி ஓர் இடம் ஒதுக்கிய மனம் யாருடையதோ, அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இஷ்தார் கோயிலில் ஒவ்வொரு பெண்ணும் அந்நியனோடு படுக்க வேண்டும் என்பது உண்மையா?

அதைச் சொன்னவர் கிரேக்க வரலாற்று ஆசிரியரான ஹெரோடோட்டஸ். பாபிலோனியர் எழுதிய எந்தப் பலகையிலும் அப்படி ஒரு வழக்கம் இல்லை. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை நம்புவதில்லை.

உலகின் முதல் சட்டம் ஹம்முராபியுடையதா?

முதலாவது அல்ல. 'ஊர்' நகரத்தின் சுமேரிய அரசர் ஊர்-நம்முவின் சட்டம் அதற்கு 300 ஆண்டுகளுக்கு மேல் பழையது. ஹம்முராபியின் கல்தூண் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்ததால் புகழ் பெற்றது. 2.25 மீட்டர் உயரம், சுமார் 282 விதிகள். உச்சியில் ஷமாஷ் உட்கார்ந்திருக்க, ஹம்முராபி எதிரே நிற்கிறார். பாபிலோன் பகுதியிலிருந்து ஈலாமியர் கொள்ளையடித்துச் சென்ற அது, 1901–02இல் ஈரானின் சூசாவில் கிடைத்தது. 'கண்ணுக்குக் கண்' என்பது சம அந்தஸ்து உள்ளவர்களுக்கு மட்டும். அடிமையின் கண்ணைக் குத்தினால் அவன் விலையில் பாதியைக் கட்டினால் போதும். சூனியம் வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஆற்றில் குதிக்க வேண்டும். ஆறும் ஒரு தெய்வம், அது தீர்ப்புச் சொல்லும்.

நம் ராசிகள் பாபிலோனிலிருந்து வந்தவையா?

பன்னிரண்டு ராசிகளாக வானத்தைச் சமமாகப் பிரித்தது கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் பாபிலோன். அங்கிருந்து கிரேக்கருக்கும், கிரேக்க நூல்கள் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. ரிஷபம், மிதுனம், கடகம், சிம்மம், துலாம், விருச்சிகம் எல்லாம் அவர்கள் பட்டியலிலேயே காளை, இரட்டையர், நண்டு, சிங்கம், தராசு, தேளாக இருக்கின்றன. மகரம் அவர்களுக்கு மீன் வால் கொண்ட ஆடு. அது எயாவின் விலங்கு. நம் செய்தித்தாளின் ராசிபலன் பக்கத்துக்கு இவ்வளவு நீண்ட வேர் இருக்கிறது.

கிரகங்களைத் தெய்வங்களோடு சேர்த்ததும் அவர்கள்தான். வியாழன் மார்டுக், வெள்ளி இஷ்தார், செவ்வாய் நெர்கல், புதன் நபு. ஆனால் ஞாயிறு முதல் சனி வரையான கிழமை வரிசை பாபிலோனில் உருவானதல்ல, பின்னாளில் கிரேக்கர் காலத்தில் வந்தது.

வானத்தைத் தெய்வங்கள் எழுதும் பலகையாகப் பார்த்தார்கள். அதைப் படிக்கத்தான் இவ்வளவு உழைப்பும். கி.மு. 7ஆம் நூற்றாண்டு முதல் 1ஆம் நூற்றாண்டு வரை நிலா, கிரகங்கள், ஆற்றின் நீர்மட்டம், பார்லி விலை என்று தொடர்ந்து குறித்து வைத்தார்கள். கி.மு. 164இல் வந்த ஹாலி வால்நட்சத்திரம் அதில் பதிவாகியிருக்கிறது. கிரகணம் சில சமயம் அரசனின் மரணத்தைக் குறிக்கும். அப்போது வேறொருவனைச் சிம்மாசனத்தில் உட்கார வைப்பார்கள். ஆபத்து அவன் தலையோடு போகட்டும் என்று, தவணை முடிந்ததும் அவனைக் கொன்றுவிடுவார்கள். அறிவின் பக்கத்திலேயே இந்தக் கொடுமையும் இருந்தது, இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொங்கும் தோட்டமும் பாபேல் கோபுரமும் இருந்தனவா?

தோட்டத்துக்குச் சான்று இல்லை. தான் கட்டியதையெல்லாம் பெருமையாக எழுதி வைத்த நேபுகாத்நேச்சார் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அது அசிரியரின் நினிவேயில் இருந்திருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு.

கோபுரம் இருந்தது. அதுதான் எதெமெனன்கி. அடித்தளம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 91 மீட்டர் கொண்ட சதுரம். உயரமும் அவ்வளவே என்று ஒரு பலகை சொல்கிறது, அதை எல்லாரும் ஏற்பதில்லை. இடிந்து கிடந்ததைத் திரும்பக் கட்ட நினைத்து அலெக்சாந்தர் இடிபாடுகளை அகற்றச் சொன்னார். கி.மு. 323 ஜூனில் அவர் பாபிலோனிலேயே இறந்துவிட்டார்.

சுமேரியரும் பாபிலோனியரும் தமிழரோடு தொடர்புடையவர்களா?

இணையத்தில் அடிக்கடி வரும் கேள்வி. சுமேரியம் தமிழோடு உறவுள்ளது என்பதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அது எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. ஒலி ஒத்த நாலு சொற்களை அடுக்கினால் உறவு ஆகாது. உறுதியாகத் தெரிந்தது, சிந்துவெளியோடு இருந்த வணிகம். அக்காடிய மன்னர் சார்கோன் மெலுஹாவின் கப்பல்கள் தன் துறையில் நின்றதாகச் சொல்கிறார். மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். மெலுஹா மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் முத்திரைகூட லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் மொழிபெயர்த்தது எந்த மொழி என்பது சிந்து எழுத்து படிக்கப்பட்டால்தான் தெளியும்.

அந்தத் தெய்வங்கள் எப்போது மறைந்தன?

சைரஸ் வந்ததும் மறையவில்லை. மார்டுக்கே தன்னைத் தேர்ந்தெடுத்து அழைத்தார் என்று சைரஸ் ஒரு களிமண் உருளையில் எழுதி வைத்தார். கிரேக்க மன்னரான முதலாம் அந்தியோக்கஸ்கூடப் போர்சிப்பாவில் நபுவின் கோயிலைக் கட்டி, அக்காடிய மொழியில் பிரார்த்தனை பதித்தார். ஆனால் மக்கள் புதிய நகரமான செலூக்கியாவுக்கு நகர்ந்தார்கள், ஊரில் அராமிய மொழி பரவியது, கோயிலுக்கு வருமானம் குறைந்தது. படையல் போட ஆளும் பொருளும் இல்லாமல் பணிவிடை நின்றுபோனது. நாள் தெரிந்த கடைசி ஆப்பெழுத்துப் பலகைகள் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை, அவை வான நிகழ்வுக் குறிப்புகள். ஈராக்கில் இன்றும் ஜூலை மாதத்துக்குத் தம்மூஸ் என்று பெயர். அவர் இஷ்தாரின் காதலன்.

இவற்றை எங்கே நேரில் பார்க்கலாம்?

ஹம்முராபியின் தூண் பாரிஸ் லூவரில். சைரஸின் உருளையும் வெள்ளக் கதைப் பலகையும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். ராபர்ட் கோல்டெவே 1899 முதல் 1917 வரை தோண்டியெடுத்த நீல நிற இஷ்தார் வாயில் பெர்லின் பெர்கமோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது 2023 அக்டோபரில் சீரமைப்புக்காக மூடப்பட்டது, வாயில் இருக்கும் பகுதி திறக்கப் பல ஆண்டுகள் ஆகும். டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பாபிலோன் 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே போனால் பளிச்சென்று உயர்ந்து நிற்கும் அரண்மனைச் சுவர்கள் 1980களில் சதாம் உசேன் கட்டியவை, தன் பெயரைச் செங்கல்லில் பொறித்து. பழையதைப் பார்க்க வேண்டுமானால் இஷ்தார் வாயிலின் அடிப்பகுதிக்குப் போங்கள். மெருகு பூசாத செங்கல்லில் காளைகளும் மார்டுக்கின் பாம்புத்தலை விலங்கும் புடைப்பாக இன்றும் அங்கேயே இருக்கின்றன.